நெற்றிச்சுட்டிக்குப் பிறகுதான் புருவம்

இன்று காலை கடையைத் திறந்ததும் புருவப் பென்சிலை பிளேடால் சீவினேன். மெழுகும் மரமும் கலந்த அந்த வாசனை வந்ததும் நீயும் வந்துவிட்டாய். ஷார்ப்னரில் போட்டால் முனை கூராகிவிடும், கூர் முனை கோடுதான் இழுக்கும், முடி வரையாது என்று சொல்லி, உளி மாதிரிப் பட்டையாகச் சீவுவாய். நானும் இப்போது அப்படித்தான் சீவுகிறேன். உன்னிடம் பார்த்துக் கற்றது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒளித்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் பொறாமை. நாலு நாள் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் தீரவில்லை. செத்தவள் மேல் பொறாமைப்படுகிறவள் திண்டிவனத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விழுப்புரத்தில் ஒரே பார்லரில் சேர்ந்து வேலை கற்றோம். பிறகு கல்யாண வேலைகளுக்கும் ஜோடியாகவே போனோம். முகத்துக்குப் பூசுவது, ஜடை பின்னுவது, புடவை கட்டுவது எல்லாம் நான். மூன்று மணி நேரம் முதுகு ஒடியும். கடைசியில் நீ வந்து பத்து நிமிஷம் புருவம் வரைவாய். மணப்பெண்ணைப் பார்க்க வருகிற ஒவ்வொருத்தியும், "புருவம் யாரு போட்டது?" என்றுதான் கேட்பாள். கொசுவம் யார் வைத்தது என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

"எல்லாத்தையும் கட்டி முடிடி. அப்புறம்தான் புருவம் எங்க நிக்குதுன்னு தெரியும்" என்பாய். அதை ஒரு சாக்கு என்றே நினைத்தேன். கடைசியாகக் கை வைக்கிறவளுக்குத்தானே பெயர் போகும். விவரமானவள், அதனால்தான் கடைசியில் வருகிறாள் என்று மனதுக்குள் திட்டுவேன்.

போதாததற்கு உனக்குப் பிறவியிலேயே அடர்ந்த புருவம். எனக்கோ பாதி வழியில் நின்றுவிடும். பென்சில் போடாமல் நான் தெருவில் இறங்கியதே இல்லை. பஸ்ஸில் போகும்போது என் முகத்தையே பார்ப்பாய். "புருவ வால் ஓவரா போச்சுடி" என்று சொல்லி, அத்தனை பேர் எதிரில் கட்டைவிரலால் ஒரே இழுப்பு. எனக்கு எரிச்சலாக வரும். ஊர் வந்து கண்ணாடியில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், அது இன்னும் எரிச்சல்.

அந்தக் கிளியனூர்ப் பெண்ணின் கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். கூட்டேரிப்பட்டில் மண்டபம். காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் உனக்குப் போன் செய்து, "எட்டுக்கு வந்தா போதும்டி, பொண்ணு லேட்டாதான் ரெடியாவுமாம்" என்றேன். "சரிடி" என்றாய். வேறொன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கல்யாணத்திலாவது புருவம் யார் போட்டது என்ற கேள்விக்கு நான் தலையாட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பொய்.

முகத்துக்குப் பூசி முடித்த கையோடு புருவத்தைத்தான் வரைந்தேன். இனி கடைசி வரை காத்திருப்பானேன். நன்றாகவே வந்தது, போனில் படம்கூட எடுத்துக்கொண்டேன். பெண்ணின் தாய்மாமன் டீ வாங்கி வந்தார். சர்க்கரை கம்மியாக, எனக்குப் பிடித்த பதத்தில் இருந்தது. இன்று என் நாள் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

பிறகு ஜடையை இறுக்கிப் பின்னி, நெற்றிச்சுட்டியை இழுத்துக் கட்டினேன். நெற்றித்தோல் மேலே ஏறியது. புருவமும் கூடவே ஏறியது. பெண்ணின் அத்தை எட்டிப் பார்த்து, "என்னாங்க இது, பொண்ணு எதையோ பார்த்து பயந்துக்கினு இருக்கற மாதிரி கீது?" என்றாள்.

சரியாக எட்டு மணிக்கு நீ உள்ளே வந்தாய். பெண்ணைப் பார்த்தாய். என்னை ஒருமுறை பார்த்தாய். "நான்தாங்க முதல்ல சும்மா ஒரு அளவு போட்டு வைன்னு சொல்லியிருந்தேன். இப்போ சரியா போட்டுடலாம்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் பஞ்சை எடுத்தாய். பத்து நிமிஷம்தான். வந்தவர்களெல்லாம் அதே கேள்வியைக் கேட்டார்கள், உனக்கே பெயர் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் பாதிக் கடலையைக் கொட்டினாய். எட்டு மணி என்று ஏன் சொன்னாய் என்று கடைசி வரை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கெட்டிக்காரி என்ற பெயரும் இவளுக்கு, நல்லவள் என்ற பெயரும் இவளுக்கா என்று அன்று எனக்கு வயிறு எரிந்தது.

இன்று அந்தப் பெண் வளைகாப்புக்கு அலங்காரம் செய்துகொள்ள என் கடைக்கு வந்தாள். "அந்த இன்னொரு அக்கா வரலீங்களா?" என்று கேட்டாள். சொன்னேன். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு எங்க மாமா டீ வாங்க போனாரில்லக்கா, அந்த அக்கா ஆறு மணிக்கே வந்து டீக்கடையில உக்காந்துக்கினு இருந்தாங்களாம். முந்தின நாளே எங்கம்மா அவங்ககிட்டயும் போன்ல டைம் சொல்லிட்டாங்களே. மாமா உள்ள வாங்கன்னு கூப்ட்டாராம். 'இன்னிக்கு அவளே போடட்டுங்க, நான் பக்கத்துல நின்னா அவளுக்கு கை வராது. நான் இங்க இருக்கறத சொல்லாதீங்க'ன்னாங்களாம். உங்க டீக்கு சர்க்கரை கம்மியா போடச் சொன்னதும் அவங்கதானாம்."

சீவிய பென்சில் கையிலேயே இருந்தது. இரண்டு மணி நேரம் அந்தப் பெஞ்சில், நெடுஞ்சாலைப் புழுதியில் உட்கார்ந்திருந்திருக்கிறாய். அந்தப் புருவத்தை உன்னிடமிருந்து திருடிவிட்டேன் என்று இத்தனை நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. நீ கொடுத்ததாம். நான் செய்த ஒரே திருட்டைக்கூட எனக்கென்று விட்டுவைக்கவில்லை நீ. அழுகை வந்தது, கோபமும் வந்தது. பெண்ணுக்குத் தெரியாமல் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜடையைப் பின்னினேன். நெற்றிச்சுட்டியைக் கட்டினேன். அது இறுகி நின்ற பிறகுதான் புருவத்தில் கை வைத்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அந்த அக்கா போட்ட மாதிரியே இருக்குதுக்கா."

ஆமாம் என்றேன். மறுபடியும் வயிறு எரிந்தது.

அவள் போன பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். முகம் துடைத்ததில் இடது புருவத்தின் வால் நீளமாக இழுபட்டிருந்தது. உன்னை மாதிரியே கட்டைவிரலால் துடைத்தேன். உனக்கு ஒரே இழுப்பு. எனக்கு மூன்று தடவை ஆனது.