மூவர் ரத்தமும் ஒரு மங்கல் கோடும்

ஜூன் 17
இன்று எங்கள் டெங்கு பரிசோதனைப் பட்டையில் ஒரு கோடு வந்தது. வரக்கூடாத கோடு.

நோயில்லாத ரத்தத்தை விட்டால் ஒற்றைக் கோடுதான் வரவேண்டும். அது, பட்டை வேலை செய்கிறது என்று சொல்லும் கோடு. இரண்டாவது வந்தால் டெங்கு. நாங்கள் விட்டது நல்ல ரத்தம். ஆனாலும் இரண்டாவது கோடு, வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற சம்பந்தி மாதிரி, மங்கலாக நின்றது. கண்ணாடியைக் கழற்றினேன். கோடு இல்லை. போட்டேன். இருக்கிறது. தரக்கட்டுப்பாட்டு அனிசெட்டிடம் கண்ணாடி இல்லாமலே பார்க்கலாமே என்றேன்.

"வாங்குறவன் கண்ணாடியையும் நீயே போய் கழட்டுவியா, ஒலிண்டா?"

பதினெட்டு வருஷமாக எதிர் மேசையில் இதே நாக்கு.

ஜூன் 18
முதலாளி பொர்கர் சார் கூப்பிட்டார். ஜூலை பதினைந்துக்குள் முந்நூறு பட்டைகள் அங்கீகாரச் சோதனைக்காக புனே ஆய்வகத்துக்குப் போகவேண்டும். போகாவிட்டால்?

"வெளிநாட்டுல கோடு போட்ட தாளாவே விக்கிறாங்க மேடம். வாங்கி, வெட்டி, டப்பால போட்டா முடிஞ்சுது. எதுக்கு இவ்ளோ தலைவலி?"

அந்தத் தலைவலி நாங்கள்தான். வடிவமைப்பு அறையில் ஐந்து பேர். ஆகஸ்டிலிருந்து கத்தரிக்கோலோடு உட்காரவேண்டியதுதான்.

ஜூன் 20
வேர்ணா தொழிற்பேட்டையில் கூரையே தெரியாத மழை. உலர் அறையின் ஈரப்பதத்தைச் சந்தேகித்தேன். தப்பு. புதிதாக வந்த வெள்ளைச் சவ்வைச் சந்தேகித்தேன். பழைய சவ்விலும் கோடு. தங்கத் துகள் கரைசலை மாற்றினேன். கோடு.

சந்தேகிக்காத ஒரே பொருள் எங்கள் 'நல்ல ரத்தம்'. அது கடைச்சரக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான், அனிசெட், டிரைவர் புண்டலீக் மூவரும் கை நீட்டுவோம். மூன்றையும் ஒரே குப்பியில் கலந்து குளிர்பெட்டியில் வைப்போம். பதினொரு வருஷ வழக்கம். என் நரம்பு முதல் குத்திலேயே கிடைக்கும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஜூன் 24
புனித யோவான் திருநாள். ஊர் ஆண்களெல்லாம் கிணற்றில் குதிக்கும் நாள். என் கணவர் ஆர்லிந்து தலையில் பூ வளையம், வயிற்றில் ஃபெனிச் சாராயத்தோடு மூன்றாவது முறை கிணற்றில் குதித்தார்.

"என்னடி, மனுஷன் குதிக்கிறதைப் பாக்காம எங்க பாக்கறே?"

கிணற்றுச் சுவரில் நீர் ஏறி நின்ற தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் கோடுதான்.

ஜூன் 27
இன்று கேவலமாக நடந்துகொண்டேன். சவ்வில் கோடு போடும் இயந்திரத்தை ஓட்டுபவள் சுலக்ஷா. எல்லார் முன்னாலும், "கை சுத்தமா இருந்தா கோடு ஏன் வரப்போவுது?" என்று கேட்டுவிட்டேன். ஒன்பது வருஷமாக ஒரு பட்டையைக்கூட வீணாக்காதவள். கையுறையைக் கழற்றி, மடித்து, குப்பையில் போட்டாள்.

ஏன் சொன்னேன்? பயம். வேறென்ன.

ஜூன் 28
சுலக்ஷா என் பக்கம் வரவில்லை. எனக்கு வரும் டீயும் வரவில்லை. இரண்டும் தனித்தனி வருத்தம்.

ஜூலை 2
சுலக்ஷா மூன்று பட்டைகளோடு வந்தாள்.

"கலவையை விட்டுட்டு, கலந்தது போக குழாய்ல மிஞ்சின ஒவ்வொருத்தர் ரத்தத்தையும் தனித்தனியா விட்டுப் பாத்தேன் மேடம். அனிசெட் சார் சுத்தம். புண்டலீக் அண்ணன் சுத்தம்." மூன்றாவதை என் பக்கம் திருப்பினாள். "கோவிச்சுக்காதீங்க."

அதில் கோடு மங்கலாகக்கூட இல்லை. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

"எனக்கு டெங்குவா?"

"டெங்கு வந்தவங்க இவ்ளோ கத்த மாட்டாங்க மேடம்."

புதுக் குப்பி கலந்தது ஜூன் 15. கோடு வந்தது 17. இவ்வளவு பக்கத்தில் இருந்த இரண்டு தேதிகளை ஐந்து பேரும் பார்க்கவில்லை. வெளியில் இருப்பதையெல்லாம் கழுவிக் கழுவிப் பார்த்தோம்.

ஜூலை 4
மட்காவ் டாக்டர் பரிசோதித்துச் சொல்லிவிட்டார். முடக்குவாதம், மூட்டுகளைப் பிடிக்கும் வாதம், ஆரம்பக் கட்டம். காலையில் விரல்கள் மடங்காததற்கு மழையையும், தேங்காய் துருவுவதையும், ஆர்லிந்துவையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். பட்டையில் இரண்டு ஆன்டிபாடிகள். ஒன்று கோட்டில் உட்கார்ந்திருக்கும், மற்றது தங்கத் துகளைச் சுமந்து ஓடிவரும். நடுவில் டெங்கு கிருமியின் புரதம் இருந்தால்தான் இரண்டும் சேரும். என் ரத்தத்தில் இந்த வாதம் உண்டாக்கிய ஒரு தரகர் இருக்கிறார். பெண்ணும் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம், யாரைக் கண்டாலும் முடிச்சுப் போட்டுவிடுவார். டெங்கு இல்லாமலே கோடு.

சுலக்ஷாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பேச்சில் 'பொதுவாக', 'ஈரப்பதம்' எல்லாம் சாக்குகளாக நுழைந்துவிட்டன. நிறுத்திவிட்டு எல்லார் முன்னாலும் சுருக்கமாக மறுபடி கேட்டேன்.

"டீ போடவா மேடம்?" என்றாள்.

ஜூலை 10
என் ரத்தத்தைக் குப்பியிலிருந்து நீக்கினால் கோடு போய்விடும். நான்கு நாள் முன்பே அனுப்பியிருக்கலாம். அனிசெட்டும் அதைத்தான் சொன்னான். ஆனால் ஊரில் என்னை மாதிரி எத்தனை பேர்? காய்ச்சலோடு வரும் மூட்டுவலிக்காரி ஒவ்வொருத்திக்கும் 'டெங்கு' என்று சொல்லுமா என் பட்டை?

எங்கள் ஆன்டிபாடிகள் எலியிடமிருந்து வந்தவை. வேலையில்லாத எலி ஆன்டிபாடியை, ரத்தம் முதலில் விழும் அட்டையில் நிறைய ஊறவைத்தால், தரகர் அங்கேயே பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றுவிடுவார். முதல் அளவு போதவில்லை. இரண்டாவது அளவில் நிஜ டெங்குக் கோடே வெளுத்துவிட்டது. நாள் ஐந்துதான் இருக்கிறது. இன்று இரண்டு முறை சாப்பிட்டேனா, சாப்பிடவே இல்லையா?

ஜூலை 13
மூன்றாவது அளவு. டெங்கு ரத்தம்: இரண்டு கோடு. ஒலிண்டா: ஒரே கோடு. எல்லாருக்கும் மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும். ஓட்டினோம். ஒன்றுதான்.

ஜூலை 14
முந்நூறு பட்டைகள் புனே போயின.

ஆகஸ்ட் 19
புனேயில் தேறிவிட்டோம். ஆனாலும் பொர்கர் சாருக்கு விலைக் கவலை. மூன்று இடங்களின் வெளிநாட்டுத் தாள்களை வரவழைத்து மேசையில் பரப்பினார். சுலக்ஷா வெட்டினாள், சொட்டு விட்டாள். பதினைந்து நிமிடம். மூன்றிலும் இரண்டு கோடு. பக்கத்தில் எங்கள் பட்டையில் ஒன்று.

"யார் ரத்தம்மா இது?"

"மேடமோடது சார். டெங்கு இல்ல, மூட்டுவாதம்."

பொர்கர் சார் மேசைக்கடியில் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டாராம்.

ஆகஸ்ட் 20
வேலையைச் சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டு இன்றுதான் மறுபடி போனேன். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். போகப்போக அந்தத் தரகர் குறைந்துவிடுவாராம். அனிசெட்டின் முகம் வாடிவிட்டது.

"ஒரு வாரம் கழிச்சு ஆரம்பியேன். பட்டையைச் சோதிக்க இப்படி ஒரு ரத்தம் மறுபடி எங்க கிடைக்கும்?"

திட்டினேன். பிறகு கையை நீட்டி ஆறு குழாய் ரத்தம் கொடுத்துவிட்டு, முதல் மாத்திரையை விழுங்கினேன்.