லோ வோல்டேஜை வெட்ட மாட்டேன்

என் பாசமுள்ள செல்வின் அண்ணனுக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். முந்தாநாள் மதுரையில் சண்டை போட்டபோது மறுபடி அழுகை வந்துவிட்டது.

சண்டை நம் கேசட்டுக்காகத்தான். உன் கூட்டாளி காசிம், துபாயிலிருந்து அவன் அண்ணன் கொண்டுவந்த சிந்தசைசரைக் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே தூக்கி வருவான்; வாசிப்பது நீ. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாம் மூவரும் மாமாவின் தறிக்கொட்டகைக்குள் புகுந்துகொள்வோம். பாட்டுக்காரர் கிடையாது, தபேலா கிடையாது. விசைத்தறிதான் தாளம்.

மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்டு குறைந்தது நினைவிருக்கிறதா? டேப்பும் சிந்தசைசரும் பேட்டரியில் ஓட, தறி மட்டும் தளர்ந்தது. காசிமும் நானும் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினோம். நீ தறியோடு சேர்ந்து விரலைத் தளர்த்தி, வோல்டேஜ் ஏறியதும் கூடவே ஏறினாய். பாட்டு முடிந்ததும், "ஏலே காசிம், நம்மூரு லோ வோல்டேஜ்லா இது. இதை வாசிக்காம எதை வாசிக்க?" என்றாய்.

மதுரைக் கேசட் கம்பெனி முதலாளி சரியாக அந்த இடத்தில்தான் கை வைத்தார். "தாளம் தப்புதும்மா. அதை வெட்டிட்டு ரெண்டு இரங்கல் பாட்டு சேர்த்திடுவோம். செத்துப்போன பையன் வாசிச்சதுன்னா நல்லா விக்கும்."

"எங்கண்ணன் தப்பு பண்ணல சார். ஒங்களுக்குத்தான் கேக்கத் தெரியல," என்று டேப்பைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். வெளியே வந்து காசிம் கேட்டான்: "எஸ்தரு, இனி நம்ம கேசட்டை யாரு போடுவா?"

"நாமதான்."

பஸ்ஸில் பயம் வந்தது, மறைக்க மாட்டேன். ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ? நம் மூவரைத் தவிர இதை யார் கேட்பார்கள்? ஆனால் உன்னைச் செத்த பையனாக விற்க விடமாட்டேன். நீ வாசித்தவன்.

காசிம் வீட்டு டபுள் டெக் டேப்ரெக்கார்டரில் பிரதி எடுத்தோம். முதல் பிரதியை நேற்று மதியம், தறிகளை நிறுத்திவிட்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது கொட்டகையில் போட்டேன். மூன்றாவது பாட்டில் தறிச்சத்தம் தளர்ந்த இடம் வந்ததும் நெசவுக்கார அண்ணாச்சி ஒருவர் சோற்றுக்கையோடு பதறி எழுந்து சுவிட்சை நோக்கி ஓடினார். "ஏலே, லோ வோல்டேஜ்! அணைங்கலே, மோட்டாரு எரிஞ்சிரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அவர் அசடு வழிய நின்றுவிட்டு, "இன்னொருக்கா போடு தாயி," என்றார்.

போட்டேன். இனியும் போடுவேன், ஒரு நொடிகூட வெட்டாமல். சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்
சங்கரன்கோவில்