புஷ்பவல்லி பிடித்த சூரியன்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
சுக்கில வருஷம், வைகாசி மாதம்

சென்னையில் வைத்தியம் படிக்கும் மகன் கன்னையாவுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கை புஷ்பவல்லியும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். கடையிலும் குறைவில்லை, மழையில் கொஞ்சம் மிளகாய் நமுத்துப்போனதைத் தவிர.

வயதுப் பெண் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் யார் கட்டுவார்கள், சிரம்பான் வரனை முடியுங்கள் என்று எழுதியிருந்தாய். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். நான் வியாபாரி, கையில் எடுத்துப் பார்க்காமல் எதையும் வேண்டாமென்று தள்ளுவதில்லை. வடக்கே அலோர் ஸ்டாரில் முழுச் சூரிய கிரகணம் தெரியுமாம், அதைத் தெளிவாக ஒரு படம் பிடித்துவிட்டால் கடை மாடியில் ஸ்டூடியோ வைத்துத் தருகிறேன், தவறினால் மறுபேச்சில்லாமல் சிரம்பானுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று புஷ்பவல்லியிடம் சொன்னேன். சரி என்றாள். கிரகணத்தைப் பார்த்தால் கண் போய்விடும் என்று அழுதுகொண்டே அம்மா கட்டுச்சோற்றில் தர்ப்பை போட்டுக் கொடுத்தாள், இருவரும் ரயிலேறினோம்.

அங்கே ஒரு திடலில் நல்ல கூட்டம். துரைமார் வானம் பார்க்கும் பெரிய பெரிய குழாய்களோடு நிற்க, இவள் ஓரமாய் கேமரா முக்காலியை ஊன்றினாள். என்னிடம் புகைக்கரி படிந்த கண்ணாடியைக் கொடுத்து, சூரியன் முழுதாக மறைந்ததும் சத்தம் போடுங்கள், நான் கேமரா மூடியை எடுக்கிறேன் என்றாள். பாசார்ச் சந்தையையே அதட்டும் தொண்டை எனக்கு, இது ஒரு வேலையா என்று நினைத்தேன். மேகமும் மெல்ல விலகியது. பகலிலே நட்சத்திரம் தெரிந்தது, கருத்த வட்டத்தைச் சுற்றி வெள்ளி இழைகள் விரிந்தன, எனக்கு நாக்கு எழவில்லை. இவளோ முக்காலியின் நிழல் புல்லில் மறைந்ததைக் கண்டு தானே மூடியை எடுத்துவிட்டாள். “அப்பா, வாய மூடுங்க, ஈ போயிடும்” என்று எனக்கு ஒரு ஏச்சு வேறு. குனிந்த தலை நிமிராமல் படம் விழும் கண்ணாடித் தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டாள். வெளிச்சம் திரும்பியதும், நீ பார்க்கவே இல்லையேம்மா என்று கேட்டேன்.

“நானும் பாத்துகிட்டு நின்னா யாருப்பா படம் புடிக்கிறது?”

வீட்டில் கழுவியபோது இரண்டு தட்டு இடையில் வந்த மேகத்தில் போயிற்று, ஒன்று அசைந்துவிட்டது. கடைசித் தட்டில் வந்தது. நாங்கள் வானத்தில் பார்த்ததை அவள் முதன்முதலாகத் கழுவும் தண்ணீரில் பார்த்தாள், பார்த்து அழுதாள். நானும்தான். கிரகணப் படம் சாமி அறைக்கு ஆகாது என்று அம்மா சொன்னதால் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் சாமான் வாங்க மறந்து அதையே பார்க்கிறார்கள். மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசல் பக்கத்துத் துணிக்கடை ராவுத்தர், எங்கள் வீட்டுப் பெண்கள் ஆண்பிள்ளை முன்னால் படத்துக்கு உட்கார மாட்டார்கள், உங்கள் மகள் வருவாளா என்று கேட்டார். இந்த ஊரில் அப்படி எத்தனை வீடு இருக்கிறது, நீயே யோசித்துப் பார். சிரம்பான்காரர்களுக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன், குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ள வரட்டும்.

நீ பெயரெடுத்த வைத்தியனாய்த் திரும்ப அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். எண்ணெய் தேய்த்துக் குளி, ராக்கண் விழிக்காதே. இன்னொன்று, ஸ்டூடியோவுக்குப் படம் கழுவ இருட்டறை வேண்டுமென்று உன் மாடி அறைச் சன்னலை அடைத்தாகிவிட்டது. உன் கட்டில் இப்போது கீழே கடையில் மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. லீவுக்கு வந்தால் அங்கே படுத்துக்கொள், தங்கையைக் கேட்காமல் மேலே கதவைத் திறக்காதே.

உன் அப்பா,
மு. ரெங்கசாமி