இருவர் பெயரில் ஒரு படகு

பிப்ரவரி 9, ஞாயிறு

மூன்றாவது படகும் பார்த்தாயிற்று. விற்பவர் ஒரு பல் டாக்டர். முழங்கால் ஆபரேஷன் ஆனவர், இனிமேல் படகில் ஏற முடியாதாம். வாங்கப் போவது நான், எக்ஸ்ரே ரூமில் இருபத்தாறு வருஷம் சேர்த்த பணத்தில். இரண்டு வருஷமாக லீவு நாளெல்லாம் பாய்மரப் படகு வகுப்புக்குப் போய்ப் பாய் கட்டக் கற்றுக்கொண்டதும் நான்தான். ஆனால் டாக்டர் ஆரம்பம் முதல் கடைசி வரை என் கணவரைப் பார்த்தே பேசினார். "எஞ்சின் பத்து வருஷம்தான் ஆகுது சார்." இவரும், கார் ஷோரூமில் மேனேஜராக நிற்கிற அதே தோரணையில், தலையாட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட இவருக்குத் தெரியாது.

நான் மண்டி போட்டுத் தரைப்பலகையைத் தூக்கினேன். ஒரு சாண் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். அப்போதுதான் டாக்டர் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

இருபத்தேழு அடி. முப்பத்திரண்டு வயது. பிடித்திருக்கிறது. இவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 22, சனி

படகுப் பரிசோதகர் வந்தார். என் கணவருக்கு அது வீண் செலவு: "நாமளே பார்த்தாச்சே, எதுக்கு இன்னொரு ஆளு?"

பரிசோதகர் சின்னச் சுத்தியலால் படகை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். டொக், டொக், டொக். பாய்மரத்தின் அடியில் மட்டும் — தப்.

"கேட்டுச்சாம்மா? உள்ள இருக்கிற மரம் மக்கிப்போச்சு."

கேட்டது. நான் படம் எடுத்துப் பார்ப்பதை இந்த மனிதர் காதாலேயே பார்த்துவிடுகிறார்.

"வாங்கலாம். ஆனா கையில இருக்கிறதுல பாதிக்கு மேல விலை கொடுத்துடாதீங்க. மீதிப் பாதியை இதுவே ஒரு வருஷத்துல கேட்டு வாங்கிக்கும்."

மார்ச் 14, வெள்ளி

வாங்கியாயிற்று. மக்கிய மரத்தைக் காட்டி விலையைக் குறைத்தேன். படகுத்துறை ஆபீஸில் க்ளார்க் ஃபாரத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "சார் வரலையா?" என்றான். சார் வாசலில் போனில் இருந்தார். உள்ளே வந்ததும், "ரெண்டு பேர் பேர்லயும் போட்டுடு. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய் அலையறது?" என்றார்.

எனக்கு ஒன்று என்றால், அலைச்சல்தான் இவர் கவலை.

எழுதினேன். ஏன் எழுதினேன்? க்ளார்க் பார்த்துக்கொண்டிருந்தான், அதனால்தான். வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

படகைக் கரையில் ஏற்றி மூன்று வாரம். பழைய பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டி மூக்குக்குள், காதுக்குள், பல்லிடுக்கில் எல்லாம் நீலத்தூள். மக்கின மரத்தைத் தோண்டினால் வடிகட்டின தேயிலைச் சக்கை மாதிரி வருகிறது. இவர் இன்று வந்தார், மடக்கு நாற்காலியோடு. பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்கிறார்: "சும்மா இருக்க மாட்டேங்கறா. அதான் ஒரு ஓட்டையை வாங்கிக் கொடுத்திருக்கேன்."

வாங்கிக் கொடுத்தாராம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கழிப்பறை பம்ப். இதைப் பற்றி எழுத மாட்டேன்.

மே 11, ஞாயிறு

படகைத் தண்ணீரில் இறக்கியாயிற்று. துறையைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றினேன். சத்தம் போயிற்று. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிளம்பியது. இரண்டு மணி நேரம் யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

படகில் இவருடைய ஷோரூம் ஆட்கள் ஆறு பேர். இவர் தலையில் வெள்ளைத் தொப்பி — அது எப்போது வாங்கியது? "பார்த்துப் பார்த்துச் சரி பண்ணினோம். மரம் முழுக்க மக்கியிருந்துச்சு, தோண்டி எடுத்துட்டோம்." எடுத்துட்டோம்! நான் கீழே ஆறு பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒரு பெண் எட்டிப் பார்த்து, "சார் இப்படி ஓட்டறாரே, உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்றாள்.

"இருக்கும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுக்கானை எந்தப் பக்கம் தள்ளினால் எந்தப் பக்கம் திரும்பும் என்று இவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

எனக்கு டியூட்டி. பதினோரு மணிக்குத் துறையிலிருந்து போன்: "மேடம், உங்க படகைக் கட்டி இழுத்துட்டு வர்றாங்க."

என்னிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பாறை. யாருக்கும் ஒன்றுமில்லை — அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். அடியில் கனத்துக்காக இருக்கும் இரும்பு, படகோடு சேர்கிற இடத்தில் ஒரு முழத்துக்கு விரிசல். தண்ணீர் கசிகிறது.

"அந்தப் பாறை மேப்ல இருக்கே?" என்றேன்.

"உன் படகே மட்டம். அன்னைக்கே சொன்னேன்ல?"

ஆறு பேர் ஏறினால் இவர் படகு. பாறையில் ஏறினால் என் படகு. நல்லா இருக்குய்யா நியாயம். அங்கயே நின்னா அழுதுடுவேன்னு கிளம்பி வந்துட்டேன். அழக் கூடாது, இவர் முன்னாடி மட்டும் அழவே கூடாது.

ஜூலை 20, ஞாயிறு

விற்க வேண்டுமாம். ஆளும் பிடித்துவிட்டார். வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். "கையெழுத்துப் போட்டுடேன்மா. ஒரு படகுக்காகவா இத்தனை சண்டை?"

"படகுக்காக இல்லடி."

"அப்ப எதுக்கு?"

இவர் பக்கத்திலேயே இருந்தார், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு.

ஆகஸ்ட் 2, சனி

வாங்க வந்தவர்கள் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும். இவர் ஷோரூமில் பேசுகிற அதே குரலில், "சின்னதா ஒரு உரசல், அவ்வளவுதான்" என்றார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள்.

பலகையைத் தூக்கி விரிசலில் டார்ச் அடித்தேன். "இது பாறையில மோதினது. சரி பண்ண நீங்க கொடுக்கப்போற விலையில பாதி ஆகும். பம்ப்பை ரெண்டு தடவை கழட்டிப் போட்டாச்சு." ஒன்று விடாமல் சொன்னேன். பத்தே நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்கள்.

வீட்டு வாசலில் இவர்: "என்னை அசிங்கப்படுத்திட்ட."

"உண்மையைத்தானே சொன்னேன்."

"அதான்."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

துறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இனி யாரும் அதைத் தொட மாட்டார்கள். இவர் தன் பங்கை எனக்கு எழுதிக் காகிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் தள்ளினார். "நீயே கட்டி அழு."

ஜெயித்த மாதிரி இல்லை. கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் இவர் என் பேருக்கு எழுதிக் கொடுத்த ஒரே பொருள், இவரே உடைத்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

விரிசல் வேலை முடிந்தது. பரிசோதகர் தட்டிப் பார்த்தார். தேறும் என்றார். இந்த வாரம் மூன்று நாள் டியூட்டி முடிந்து நேரே படகுக்குப் போய் அங்கேயே தங்கினேன். எங்கே இருக்கிறாய் என்று வீட்டிலிருந்து ஒரு போன் இல்லை. நாலாவது நாளும் வருகிறதா என்று பார்த்தேன்.

அக்டோபர் 8, புதன்

ஆஸ்பத்திரியில் விலாசம் மாற்ற ஃபாரம் கொடுத்தேன். படகுத்துறை, நாற்பத்தோராவது இடம் என்று எழுதியிருந்தேன். ஆபீஸ் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இதையெல்லாம் வீடுன்னு ஏத்துக்க மாட்டாங்கம்மா. கதவு நம்பர் வேணும்" என்றாள்.

கதவு நம்பர் இல்லை.

"அப்ப பழசே இருக்கட்டுமா?"

இருக்கட்டும் என்றேன்.

வெளியே மழை. படகில் படுக்கை ஐந்தடிதான், காலை மடக்கித் தூங்கப் பழகிவிட்டது. நான் வீட்டை விட்டு வந்ததிலிருந்து மகள் பேசவில்லை. சம்பளச் சீட்டு மாதாமாதம் அவர் வீட்டுக்குத்தான் போகும்.