உன் காருக்கு ஒரு சிபி ரேடியோ

ரிச்சர்ட்சன், டெக்ஸாஸ்
டிசம்பர் 2001

ஜலஜாவுக்கு அம்மா எழுதுவது,

உன் அப்பா லாரி ஓட்டுகிறார் என்பதை உன் மாமியார் வீட்டில் நீ மறைத்துவிட்டாய். கடிதத்தை இப்படி ஆரம்பிக்கக் கூடாது, முதலில் க்ஷேமம் விசாரிக்க வேண்டும், விசாரிக்கிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு முதுகுவலி மட்டும் கொஞ்சம் உண்டு, சீட்டுக்கு ஒரு குஷன் தைத்துக் கொடுத்திருக்கிறேன். நீயும் முகுந்தும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் மாமனார் மாமியாரையும் விசாரித்ததாகச் சொல், சொல்லும்போது எதையும் சேர்க்காமல் சொல். ஏனென்றால் போன வாரம் சம்பந்தி மாமி ராஜலக்ஷ்மி எனக்கு போன் பண்ணினார். உங்காத்து மாமாவுக்கு கன்சல்டிங்கில் ஒரே டிராவல் போலிருக்கே, பிளசன்டன் புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்காவது வருவாரா என்று கேட்டார். எந்த கன்சல்டிங் என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும், அதை ஜலஜாவிடமே கேளுங்கோ என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் உன்னைக் கேட்டாரா, நீ என்ன சொன்னாய் என்று தெரிந்துகொள்ள உன் ஆன்சரிங் மெஷினில் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் கடிதம். இது மேஜைமேல் கிடந்து உன் மாமியார் எடுத்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதோடு ஒரு அட்டைப்பெட்டி வந்திருக்கும். அதில் இருப்பது ஒரு சிபி ரேடியோ, ஒரு ஆன்டெனா, இரண்டையும் சேர்க்கிற கேபிள். லாரிக்காரர்கள் ரோட்டில் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ள வைத்திருப்பார்களே அதுதான், லைசென்ஸ் எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், சில மைல் தூரம்தான் கேட்கும். உனக்கு எதற்கு என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

மார்ச்சில் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் ஒரே காலையில் ஒரு மாடியையே காலி பண்ணினார்கள், உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் அப்ளை பண்ணாத இடம் இல்லை. ஓவர் குவாலிஃபைட் என்றார்கள், வயசாகிவிட்டது என்பதை அப்படிச் சொல்கிறார்கள். கஸ்தூரிரங்கன் மாமாவுக்கும் அதே நாளில்தான் வேலை போயிற்று. அவர் இன்றைக்கும் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பி லைப்ரரியில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்புகிறார், அவர் மனைவி எல்லோரிடமும் கன்சல்டிங் என்கிறாள். இந்த வருஷம் இந்த ஊரில் பாதிப் பேர் கன்சல்டன்ட். அப்பாதான் லாரி ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்து நிஜமாகவே வேலைக்குப் போகிறார். அதற்காகக் கோயிலில் அவரிடம் டெம்பரவரிதானே என்று கேட்காத ஆள் இல்லை. இவர்கள் வீட்டு அரிசியும் பருப்பும் ஏதோ ஃபேக்ஸில் வருகிற மாதிரி பேசுகிறார்கள்.

வெஸ்ட் டெக்ஸாஸில் செல்போன் எடுக்காது. முன்னால் ஐஸா விபத்தா என்று தெரியாமல் அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிறாரே என்று எனக்கு பயம், நான்தான் சிபி ரேடியோ போட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கம்பெனி வண்டி கொடுக்குமே தவிர ரேடியோ கொடுக்காது, டிரைவரேதான் வாங்க வேண்டும். டிரக் ஸ்டாப் கடையில் அப்பா ஒரு மணி நேரம் நின்றார். விளக்கு விளக்காக எரிகிற பெரிய செட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அதில் ரொம்ப தூரம் பேசுகிற சைட் பேண்ட் இருக்கிறது என்றார், உங்களோடு அந்த பேண்டில் பேசப்போவது யார் என்றேன். கடைசியில் குமிழ் பெரிதாக இருக்கிற, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையால் தடவியே சேனல் மாற்றுகிற ஒரு சாதாரண செட்டை வாங்கினோம், அதில் வானிலை அறிவிப்பும் கேட்கும். செட்டில் காசைக் குறைத்தாலும் ஆன்டெனாவில் குறைக்கக் கூடாது என்று மட்டும் அவர் சொன்னதை நான் ஒத்துக்கொண்டேன். லாரியின் கேபின் கூரை ஃபைபர் என்பதால் காந்தம் ஒட்டாது, கண்ணாடி மாட்டியிருக்கிற இரும்புக் கையில்தான் ஆன்டெனாவைப் பொருத்த வேண்டும், அந்தக் கைக்கும் வண்டியின் பாடிக்கும் நல்ல எர்த் இருக்கவேண்டும்.

வாங்கின வாரமே ஆயுதபூஜை வந்தது. அப்பா ரேடியோ, ஆன்டெனா, கேபிள், ஸ்பானர் எல்லாவற்றையும் பூஜையில் வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார். மறுநாள் லாரியில் மாட்டி, ஆன்டெனா சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற எஸ்டபிள்யுஆர் மீட்டரை வைத்தால் முள் ஒரேயடியாக சிவப்புக்குப் போயிற்று. இருபது வருஷம் டெலிகாமில் இருந்தவர், திருச்சியில் மைக்ரோவேவ் டவர் நிறுத்தினவர், வண்டிக்கடியில் படுத்து எர்த்தைச் சுரண்டினார், நீளத்தை மாற்றினார், பேப்பரில் கணக்குப் போட்டார். நான் பொழுது போகாமல் கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனெக்டரின் உள்ளே, நடு ஊசியைச் சுற்றி, சந்தனம் காய்ந்தும் காயாமலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கேபிளின் நெற்றி எது என்று தெரியாமல் வாயிலேயே இட்டிருக்கிறார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்ததும் முள் இறங்கிவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். அப்பாவும் சிரித்தார், மார்ச்சுக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஆனால் ரேடியோ இருந்தும் அவர் அதில் பேசவில்லை. முதல் தடவை ஓக்லஹோமா பக்கம் ஏதோ வழி கேட்டிருக்கிறார், ஒருத்தன் நீ எந்த நாடு என்றான், ரிச்சர்ட்சன் என்றிருக்கிறார், அதைக் கேட்கவில்லை, நிஜமாக எந்த நாடு, உன் லாரியில் என்ன ஏற்றியிருக்கிறாய் என்று இன்னொருத்தன் ஆரம்பித்தானாம். செப்டம்பரில் நியூயார்க் கட்டிடங்கள் விழுந்த பிறகு எல்லாருக்கும் போலீஸ் உத்தியோகம் கிடைத்துவிட்டது. லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற அடுத்த மேடையில் இவர் வண்டியை மட்டும் ஓரங்கட்டி நாயை விட்டு மோந்து பார்த்தார்கள். அதிலிருந்து ரேடியோவைக் கேட்பதோடு சரி, மைக் கொக்கியிலேயே தொங்கும். என்னிடம், கேட்டால் போதும் ஸ்வர்ணா, பேசி என்ன ஆகணும் என்றார். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தைவிட உன்மேல் அதிகம் வந்தது. அவன்கள் யாரோ. நீ அவர் பெண்.

ஜூலையில் அப்பா கலிஃபோர்னியா லோடு வருகிறது, உன் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும். எங்கள் கம்யூனிட்டியில் டிரக் நிறுத்தக் கூடாதுப்பா, ரூல்ஸ் என்றாய். ரூல்ஸ் இருக்கும். டிரக்கை வெளியே எங்கேயாவது நிறுத்திவிட்டு வா, நான் வந்து காரில் அழைத்துப் போகிறேன் என்று சொல்ல எந்த ரூலும் தடுக்கவில்லை. அவர் நீ சொன்னதை அப்படியே நம்பினார், நம்பினது போல் இருந்தார்.

இப்போது கேள். தாங்க்ஸ்கிவிங் முடிந்து நான் அப்பாவோடு லாரியில் போனேன், மனைவி கூடப் போகலாம் என்று கம்பெனியில் அனுமதி உண்டு. ஹேவர்டில் ஒரு கிடங்குக்கு லோடு. ஆல்டமான்ட் மலை ஏறி இறங்கி லிவர்மோர் தாண்டியதும் அப்பா வலது லேனுக்கு வந்தார். அதோ ஹாப்யார்ட் எக்ஸிட், அந்தப் பக்கம்தான் ஜலஜா வீடு என்று கையைக் காட்டினார். நீங்கள் இங்கே வந்ததே இல்லையே, எப்படித் தெரியும் என்றேன், மேப்பில் பார்த்தேன் என்றார். பிறகு என்ன செய்தார் தெரியுமா. லாரிக்காரர்கள் பேசுகிற பத்தொன்பதாம் சேனலிலிருந்து குமிழைத் திருப்பி யாரும் இல்லாத பதினாலாம் சேனலுக்குப் போனார். கொக்கியிலிருந்து மைக்கை எடுத்தார். எடுக்கமாட்டேன் என்ற அதே மைக். பட்டனை அழுத்தினார்.

“ஜலஜா, அப்பாதாம்மா. ஹேவர்டுக்குப் போயிண்டிருக்கேன். நன்னா இருக்கேன்.”

பட்டனை விட்டார். இந்த ரேடியோவில் அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கும். விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார், வெறும் இரைச்சல். அடுத்த ஊர் வரும்வரை கேட்டுவிட்டு மறுபடி பத்தொன்பதுக்கு மாற்றினார். அவளிடம் ரேடியோ இல்லையே என்றேன். தெரியும் என்றார். எத்தனை தடவை இப்படி என்றேன், இந்தப் பக்கம் வருகிறபோதெல்லாம் என்றார், ஏதோ பல் தேய்க்கிறதைச் சொல்கிற மாதிரி. அழவும் இல்லை ஒன்றும் இல்லை. ஹேவர்டில் டிராஃபிக் சேர்ந்துவிடும், அதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்றார். அவ்வளவுதான் நடந்தது, நான் கூட்டியும் குறைத்தும் எழுதவில்லை.

ஊருக்குத் திரும்பின மறுநாளே கடைக்குப் போய் உனக்கு இந்த செட்டை வாங்கினேன். சின்னதாக, கியருக்குப் பக்கத்தில் அடங்குகிற செட். ஆன்டெனா காந்தம் வைத்தது, உன் காரில் துளை எதுவும் போட வேண்டாம். கூரையின் நட்டநடுவில் வை, ஓரத்தில் வைக்காதே, சுற்றிலும் இருக்கிற தகடும் ஆன்டெனாவுக்கு வேலை செய்கிறது என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். வைக்கிற இடத்தைத் துடைத்துவிட்டு வை, மண் இருந்தால் பெயின்ட் கீறும். கேபிளைப் பின் கதவின் ரப்பர் வழியாக உள்ளே கொண்டுவா, கதவு நசுக்குகிற இடத்தில் விடாதே. சிகரெட் லைட்டரில் சொருகினாலும் வேலை செய்யும், ஆனால் எஞ்சின் இரைச்சல் சேர்ந்து வரும், பேட்டரியிலிருந்து நேரே ஒயர் எடுப்பது நல்லது. சிவப்பு பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும், கறுப்பு மைனஸுக்கு. மீட்டரையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். முதல் சேனலிலும் நாற்பதாவது சேனலிலும் பார், முள் இரண்டுக்குக் கீழே இருந்தால் போதும். நாற்பதில் அதிகமாகக் காட்டினால் ஆன்டெனா கம்பி நீளம், துளி உள்ளே இறக்கு, ஒன்றில் அதிகமாகக் காட்டினால் துளி வெளியே இழு. சந்தனம் அட்டைப்பெட்டியின் மேல்தான் இட்டிருக்கிறேன், கனெக்டரில் இல்லை.

பேட்டரி ஒயர் உனக்குத் தனியாக வராது, முகுந்தைக் கூப்பிட வேண்டியிருக்கும். அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. எதற்கு இது என்று கேட்பார். கேட்கட்டும், சொல். பக்கத்தில் உன் மாமனார் நின்றால் அவருக்கும் கேட்கிற மாதிரி சொல். ஃப்ரீவேயில் போகிற என் அப்பாவோடு பேச என்று ஒரு வரி. அதற்கு மேல் அவர்கள் ஏதாவது பேசினால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

கிரகப்பிரவேசத்துக்கு உனக்கும் முகுந்துக்கும் புடவை வேஷ்டி எடுத்துவிட்டேன், அரக்கு பார்டர். பால் காய்ச்ச வெள்ளிச் சொம்பும் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் அந்தப் புது வீட்டில் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் ஒளிக்காமல், நீண்ட நாள் இருக்கவேண்டும். ஒன்றை மறக்காதே, ஆன்டெனாவை மாட்டாமல் மைக் பட்டனை அழுத்தினால் ரேடியோ எரிந்துவிடும்.

வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா மறுபடி ஹேவர்ட் லோடோடு அந்த வழியாக வருகிறார். இந்தப் பெட்டியைப் பற்றி அவருக்கு நான் சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஹாப்யார்ட் எக்ஸிட் பக்கம் போய் ஏதாவது கடை வாசலில் நிறுத்து. பதினாலாம் சேனலில் வைத்துக் காத்திரு. அவர் உன் பெயரைச் சொல்வார், நன்றாக இருக்கிறேன் என்பார், பட்டனை விடுவார். நீ அழுத்து. எனக்கு போன் வேண்டாம், கடிதம் வேண்டாம். அவருக்கு பதில் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஸ்வர்ணா பிச்சுமணி