ஐரனிக்கு எங்கள் வீடு

கார்த்திகை, செவ்வாய் இரவு.

இன்று ஆங்கில வகுப்பில் மேடம் ‘ஐரனி’க்கு, அதாவது முரண்நகைக்கு, எடுத்துக்காட்டு கேட்டார். எங்கள் தோட்டத்துத் தேயிலையை வாங்கிவந்த டீ ஃபாக்டரி முதலாளியின் மகள் நிர்மலா எழுந்தாள்.

“நம்ம சுதா ஊடுதானுங்க மேடம். தேயிலைத் தோட்டம் இருக்குது, டீத்தூள் வாங்க வழியில்லைங்க.”

வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது; மேடமும் சேர்ந்து சிரித்தார். தினமும் சொற்களை உருப்போட்டு மறக்கும் எனக்கு இந்தச் சொல் சாகும்வரை மறக்காது.

விலை விழுந்ததிலிருந்து எங்கள் இலையை முற்றல் என்று திருப்பி அனுப்புகிறார் அவள் அப்பா. ஆனால் ஃபாக்டரித் தரையில் கூட்டி அள்ளிய கழிவுத் தூளில் சாயம் கலந்து விற்கிறார். அந்த மூட்டைகளை லாரியில் ஏற்றுவது என் மாமா.

நாளை ‘சட்டையர்’ பாடம். கேலி செய்தே குற்றத்தைத் தோலுரிப்பதாம், அகராதியில் பார்த்துவிட்டேன். மேடம் எடுத்துக்காட்டு கேட்டதும் நான்தான் முதலில் எழுவேன்.

“நம்ம நிர்மலா ஊடுதானுங்க மேடம்.”