கேட்டுக்கு அடித்த மிச்ச பெயிண்டும் அத்தானின் கிட்டாரும்

அன்புள்ள அத்தான்,

நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். எங்களை நிம்மதியாக இருக்கவிடாமல் ஒரு கிட்டாரை விட்டுவிட்டுப் போனீர்களே, அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுதுகிறேன்.

பஹ்ரைனில் கூட வேலை பார்த்தவரிடம் பழையதாக வாங்கி, லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிட்டார். “அந்தக் காலத்துக் கார் பெயிண்டுலே, வானநீலம், லேசில கிடைக்காது” என்று நம் புதுக்கடை ஊர் முழுக்கச் சொன்னீர்கள். புதுக்கடை முழுக்கப் பார்த்தது பச்சை. அதுவும் குளத்துப் பாசிப் பச்சை. நானும் அதையே சொன்னதற்குக் கண் டாக்டரிடம் போகச் சொன்னீர்கள். போனேன். கண்ணாடி வந்தது, பச்சை இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இப்போது கதையைக் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தாள். கேட்டுக்கு அடித்த காப்பிக்கலர் மிச்சம். டப்பாவில் மிச்சம் இருந்தால் நம் ஊரில் எதுவும் தப்பாது என்பது உங்களுக்குத் தெரியாதா? பூந்தொட்டி, ஏணி, நாய்க்கூடு எல்லாம் முடிந்து, முற்றத்தில் பேப்பர் விரித்து உங்கள் கிட்டாரைக் கிடத்தியிருந்தார்கள். கேக் கொடுக்கப் போன நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னக்கா இது?”

“ஏலே, எம் மவ, ஒம் மருமவ, இதைத் தூக்கிட்டுல்லா சர்ச் கொயர்ல நிக்கப்போறா? பூசணம் புடிச்சதான்னு ஒருத்தி கேட்டாச்சு. கேட்டவ வீட்டு ஆர்மோனியத்துல பாதிக் கட்டை இல்ல, அது வேற.”

“அத்தான் தொடவே விடமாட்டாரேக்கா.”

“அவரு இருந்தப்ப அவரு இஷ்டம். தெனமும் தொடைக்கது நான்லா? கை கழலுது.”

பெயிண்டர் செல்வம் கவனமான ஆள். கம்பிகளை அவிழ்த்து, அடியிலிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டில் பெயிண்ட் படக்கூடாதென்று திருகாணிகளைக் கழற்றி, தகட்டைத் தூக்கினார்.

அடியில், வெளிச்சமே படாத இடத்தில், நல்ல வானநீலம்! மேலே பூசிய வார்னிஷ் வருஷக்கணக்கில் மஞ்சளித்து, உங்கள் நீலத்தை எங்களுக்குப் பச்சையாகக் காட்டியிருக்கிறது.

செல்வம்தான் முதலில் சொன்னார்: “நீலம்தான் வேணும்னா, ஜன்னலுக்கு அடிச்சது அரை டப்பா கெடக்குண்ணே.”

“நீரு மொதல்ல பிரஷ்ஷைக் கீழ வையும்வே!” என்றேன்.

அக்கா அந்த நீலத்தில் ஒரு விரலை வைத்தபடியே இருந்தாள். “இத்தனை வருஷமும் கத்துனாரே. ஒருக்கா கழத்திக் காட்டப்படாதா, இந்த மனுஷன்?” பிறகு, “மூடும் செல்வம். ஒண்ணும் அடிக்காண்டாம்” என்றாள்.

அதையேதான் நானும் கேட்கிறேன் அத்தான். உள்ளே வயர் மாற்ற எத்தனை முறை உங்கள் கையாலேயே அந்தத் தகட்டைக் கழற்றியிருப்பீர்கள்! சாட்சியைக் கைக்குள் வைத்துக்கொண்டா என்னோடு மல்லுக்கட்டினீர்கள்? காட்டிவிட்டால் ஞாயிறுதோறும் மத்தியானம் நான் சண்டைக்கு வரமாட்டேன் என்றா? இப்போது ஜெயித்துவிட்டீர்கள். நான் யாரிடம் போய்த் தோற்பது?

கிறிஸ்துமஸ் காலையில் உங்கள் மகள் அதை அப்படியே வாசிப்பாள். என்ன கலர் என்று எவர் கேட்டாலும் நீலம் என்றே சொல்வேன், இது சத்தியம். எனக்கு இன்னும் பச்சையாகத்தான் தெரிகிறது.

சண்டைக்கு ஆளில்லாத
உங்கள் ஒரே மச்சினன்